சோப்பக்கா கழுவிய காற்று

அந்த ஊர்ப் புழுதி கூப்பிடாமல் வரும். வந்தால் போகிற பேச்சே கிடையாது. காக்கைகூட இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் கம்பியில் உட்காரும். வெள்ளைச் சட்டையோடு தெருமுனைக் கடைக்குப் போனவர் திரும்பி வரும்போது சட்டை காக்கியாகியிருக்கும்; பெண்டாட்டியே போலீஸ்காரர் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடு ஒன்று உண்டு. ஊரை ஒட்டி ஒரு வற்றிய ஏரி. அதில் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கோடைக் காற்று அங்கிருந்து கிளம்பி, மண்ணை மாவாகச் சலித்து, வீட்டுக்கு வீடு பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகும்.

இந்த ஊரில்தான் சோப்பக்கா குடித்தனம் நடத்தினாள். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். சோப்பைக்கூடக் கழுவிவிட்டுத்தான் உபயோகிப்பாள் என்பதற்காகத் தெரு வைத்த பெயர் இது. புரளி அல்ல. சோப்பைக் கழுவுவாள், சோப்பு டப்பாவைக் கழுவுவாள், அழுக்குக் கை பட்டதே என்று குழாயைக் கழுவுவாள், குழாயைத் தொட்ட கையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மீட்டர் பார்க்க வந்த ஒருவரை முழங்கை வரை கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டாள். அவர் இது ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று எண்ணி, நாற்காலியில் உட்கார்ந்து தன் முதுகுவலியை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டை ஒட்டியே ஷெட். அதில் 'ஜோடி வண்டி' நான்கு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டும் இடுப்பில் பட்டையுமாக, மேடு, பள்ளம், மணல், கல் எதையும் சட்டை செய்யாமல் ஏறி இறங்குகிற வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்து, வற்றிய ஏரிக்குள் குலுங்கக் குலுங்க ஓட்டி, வாய் நிறைய மண்ணோடும் முகம் நிறையச் சிரிப்போடும் திரும்புவார்கள். முன்னால் ஓட்டி வழி காட்டுகிறவன் சோப்பக்காவின் புருஷன். மைக்செட் என்றால்தான் தெரியும். அவன் ரகசியம் பேசினால் அடுத்த தெருவிலிருந்து யாராவது பதில் சொல்வார்கள். இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன் அவனுடைய தம்பி நட்டு. தூங்கும்போதும் அவன் வலது கை ஸ்பேனர் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கும். நான்கு வண்டியில் இரண்டு அண்ணன் பங்கு, இரண்டு தம்பி பங்கு. எது யாருடையது என்று பிரித்துப் பேச இதுவரை அவசியம் வந்ததில்லை.

சோப்பக்காவின் பொறுப்பு ஏர் ஃபில்டர். இஞ்சினும் மூச்சுவிடுகிற ஜீவன்தான். இழுக்கிற காற்றில் மண் கலந்திருந்தால் உள்ளே போய்த் தேய்த்தே கொன்றுவிடும். அந்த மண்ணை வாசலில் நிறுத்துகிற வடிகட்டிதான் ஃபில்டர். அதைச் சுத்தம் செய்வதில் சோப்பக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்காலம் வண்டிகள் வந்ததும், காற்றுப் பெட்டியின் மூடி மேல் படிந்த மண்ணை முதலில் துடைப்பாள். இல்லாவிட்டால் திறக்கும்போது அதுவே உள்ளே உதிரும். ஃபில்டரை எடுத்த கையோடு இஞ்சினுக்குப் போகும் குழாய் வாயைச் சுத்தமான துணியால் அடைப்பாள். பஞ்சு மாதிரி இருக்கும் ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெயில் முக்கி அமுக்குவாள். பிழிய மாட்டாள். பிழிந்தால் ஒட்டுப் போட்ட இடம் பிரிந்துகொள்ளும். கைக்குழந்தையின் தலையைத் துவட்டுகிற பதத்தில் அமுக்க வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், நிழலில் உலர்த்தல். உலர்ந்ததும் அதற்கென்றே உள்ள பிசுபிசு எண்ணெயை விட்டுப் பிசைவாள். குறைந்தால் மண் நுழையும், கூடினால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். அவள் பிசைந்த ஃபோமில் ஒரு சொட்டு வடியாது, ஒரு மூலை வறண்டு கிடக்காது. வெளியூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் அதைக் கையில் வாங்கி, இதில் தலை வைத்துத் தூங்கலாம் போலிருக்கிறதே என்றான்.

வினை வெள்ளை வெளேரென்று வந்து சேர்ந்தது.

அந்தக் கோடையில் புழுதி இன்னும் பொடிந்து, முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பொடியை ஃபோம் முழுக்கப் பிடிக்காது, மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர்தான் சரி என்றான் நட்டு. மைக்செட்டுக்கு இஷ்டமில்லை. கழுவிக் கழுவி மாட்டுகிறதை விட்டுவிட்டு, அழுக்கானதும் தூக்கி எறிவதற்கென்றே ஒரு சாமானா என்று கேட்டான். கடைசியில் இரண்டு வண்டிக்கு ஃபோம், இரண்டு வண்டிக்குப் பேப்பர் என்று சமாதானம் ஆயிற்று. நட்டு ஒரு பெட்டி நிறையப் பேப்பர் ஃபில்டர் வாங்கி வந்து அண்ணியிடம் கொடுத்து, இதற்குத் தண்ணீரைக் கண்ணிலேயே காட்டக் கூடாது, அழுக்கானால் எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்று சொன்னான். சோப்பக்கா தலையை ஆட்டினாள்.

எறியத்தான் போனாள். குப்பைத் தொட்டி வரைக்கும் போய் நின்றாள். அழுக்கான ஒரு பொருளைக் கழுவாமல் எறிவது, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு வருவது போல அவளுக்குப் பட்டது. எறிவதானாலும் கழுவித்தான் எறிவது என்று முடிவு செய்தாள். கழுவியதும் அது பளிச்சென்று சிரித்தது. சிரிக்கிற ஒன்றை எப்படி எறிவது? கொடியில் போர்வைக்குப் பின்னால் கிளிப் போட்டுக் காயவைத்தாள். ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரின் குழாயை ஒட்டி வைத்து, மடிப்புக்கு மடிப்பு ஊதினாள். பழைய டப்பாவிலேயே போட்டு மூடினாள். மறுநாள் டப்பாவிலிருந்து எடுத்து மாட்டினாள். பார்க்கிறவர்களுக்குப் புதிது. இப்படிக் கழுவியதே சுற்றிச் சுற்றி வர, மீந்த புதிய ஃபில்டர்கள் துணி அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் அடுக்கடுக்காக ஏறின. தீர்ந்திருக்கும் என்று நட்டு மறுபடி வாங்கி வந்தவையும் அலமாரிக்குப் போயின. சிக்கனம் என்றால் இதுதான் என்று சோப்பக்கா தனக்குள் மெச்சிக்கொண்டாள்.

பேப்பர் வண்டிகளில் ஒன்று நீலமாகப் புகையத் தொடங்கியது. பின்னால் வந்த வாடகைக்காரர் ஏரிக்குள்ளும் கொசு மருந்து அடிக்கிறார்களே என்று வியந்தார். வண்டி ஆயிலைக் குடம் குடமாகக் குடித்தது; மேட்டில் ஏறச் சொன்னால் பெருமூச்சு விட்டு நின்றது. நட்டு பிரித்துப் பார்த்தான். சிலிண்டர் சுவர் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கோடுகள். மண் உள்ளே போயிருக்கிறது. பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஓட்டிக் காட்டினான். கொஞ்ச நாளில் அடுத்த பேப்பர் வண்டியும் அதே நீலத்தில் புகைந்தது. அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, செப்பனிட்ட வண்டி மறுபடி இருமியது.

"ஃபோம் போட்ட ரெண்டும் கல்லு மாதிரி ஓடுது," என்றான் மைக்செட். "நீ வாங்கின பேப்பரு ரெண்டையும் கொன்னுருச்சு. இதுக்கு மேல என்னடா சொல்லணும்?"

"பேப்பர்ல தப்பில்லண்ணே. எங்கயோ மண்ணு போகுது. எங்கன்னுதான் பிடிபடல."

"எங்கன்னு தெரியாதவனுக்கு எதுக்குடா ஸ்பேனரு?"

சாதாரணமாகவே நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். அன்றைக்கு ஏரிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். நட்டு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து மேஜை மேல் வைத்தான். மலைப்பக்கத்துக் கல்குவாரியில் மெக்கானிக் வேலைக்கு வெகுநாளாகக் கூப்பிடுகிறார்கள், போய்விடுகிறேன் என்றான். நல்ல வண்டிகள் இரண்டும் அண்ணனுக்கே இருக்கட்டும், படுத்துக் கிடக்கிற இரண்டையும் என் பங்காக எடுத்துக்கொள்கிறேன் என்றான். சோப்பக்கா அப்போது சும்மா இருந்திருக்கலாம். தம்பிக்கு எப்போதும் அவசரம், பேப்பரை நம்பி இஞ்சினை விடலாமா என்று புருஷன் பக்கமாக ஒரு வாய் பேசி வைத்தாள்.

அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு நின்றதே தவிர, பேச வேண்டியது நிற்கவில்லை. எல்லாம் சோப்பக்கா வழியாகப் போய்வந்தது. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழம்பில் உப்பு குறைவு என்று தம்பிக்குத் தோன்றினால் அண்ணியிடம் சொல்வான். அவனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று சொல் என்பான் அண்ணன், அவளைப் பார்த்து. அந்தக் குரலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் உப்பு டப்பாவோடு வாசலுக்கு வந்துவிடுவார். ஆனாலும் சோப்பக்கா முறைப்படி தம்பி பக்கம் திரும்பி அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தம்பிக்குக் கேட்டதாகக் கணக்கில்லை. மலைப்பக்கத்திலிருந்து வரும் லாரி ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் செத்த வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் என்பதும் இந்த வழியாகத்தான் முடிவாயிற்று.

இதற்கு நடுவில் ஃபில்டர் விற்ற கடைக்காரர் வந்து சேர்ந்தார். நட்டு ஆத்திரத்தில் அவர் கடைக்குப் போய், நாலு பேர் எதிரில், சரக்கு டூப்ளிகேட் என்று சொல்லியிருந்தான். கடைக்காரர் ஒல்லியான மனிதர். கோபம்தான் அவரைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருந்தது. கையில் டார்ச். புது ஃபில்டர் ஒன்று கொண்டுவரச் சொன்னார். சோப்பக்கா அலமாரிக்கு ஓடி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஷட்டரை இறக்கச் சொல்லி, ஷெட் இருட்டானதும், டார்ச்சை ஃபில்டருக்குள் விட்டு எரியவிட்டார்.

"நல்லாப் பாருங்க. ஊசி முனையளவு வெளிச்சம் வெளிய புள்ளியா வந்தாலும் ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டை இருந்தா மண்ணு போகும். வருதா?"

வரவில்லை. தாளெல்லாம் மங்கலாக ஒரே சீராக இருந்தது.

"வந்திருந்தா கடையைச் சாத்திட்டு ஆடு மேய்க்கப் போயிருப்பேன்," என்றார் கடைக்காரர்.

வண்டியில் ஓடின ஒன்றையும் பார்த்தால் என்ன என்று நட்டு மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு, அண்ணிதான் உடனுக்குடன் எறிந்துவிடுவார்களே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். சோப்பக்கா புது ஃபில்டரின் டப்பாவை முந்தானையால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். மன்னிப்பு வாங்கிக்கொண்டு கடைக்காரர் புறப்பட்டார். மைக்செட் பெண்டாட்டியைப் பார்த்து, "கடைக்காரர் மேல தப்பில்லயாம். அப்ப யார் மேலன்னு அவனையே கேட்டுச் சொல்லு," என்றான்.

மறுநாள் மத்தியானம், வாடகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மைக்செட் ஏரிக்குப் போயிருந்தான். நட்டு கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். சோப்பக்கா ஷட்டரை இறக்கினாள். தான் கழுவிய ஃபில்டர்களில் மிக வெள்ளையானதை டப்பாவிலிருந்து எடுத்து, டார்ச்சை உள்ளே விட்டாள்.

ஷெட்டுக்குள் வானம் இறங்கிவிட்டது. மடிப்புக்கு மடிப்பு நட்சத்திரம். சில இடத்தில் ஒன்றிரண்டு, சில இடத்தில் கொத்துக் கொத்தாக. கம்ப்ரஸரை ஒட்டி வைத்து அவள் ஆசை ஆசையாக ஊதின அடிமடிப்பில் பால் கொட்டின மாதிரி ஒரே வெளிச்சம். முதலில் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது; எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னது அதற்கப்புறம்தான் உறைத்தது. செப்பனிட்ட பிறகும் இருமிய வண்டியின் குழாய் வாயில் தன் கையாலேயே அடைத்திருந்த துணியை எடுத்து, உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்தாள். ஒரு துளி மண்ணும் இருக்கக் கூடாத இடம் அது. விரல் மாவில் தோய்த்த மாதிரி வந்தது.

துணியைக் கழுவக்கூடத் தோன்றாமல் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். கழுவின ஃபில்டர்களை எறிந்துவிட்டால் தீர்ந்தது. தம்பி வாலிபன், கெட்டிக்காரன், போகிற இடத்தில் பிழைத்துக்கொள்வான். தெருவில் ஒருத்தி வீட்டுப் பாத்திரத்தில் கறை இருந்தால், சோப்பக்காவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன் என்றுதான் மாமியார் மருமகளை மிரட்டுவாள். அப்படிப்பட்ட பெயர். கழுவியே இரண்டு இஞ்சினைக் கொன்றவள் என்று அந்தப் பெயர் புரண்டால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவது? ஃபில்டரை டப்பாவில் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நட்டு கொடியருகே வந்தான். மூட்டை கட்டச் சட்டைகள் வேண்டும்.

"இது இன்னும் ஈரமா இருக்கே அண்ணி."

"காஞ்சிரும், இரு. மடிச்சுத் தரேன்."

அவன் போகாமல் நின்றான். "அண்ணன் இனிமே எல்லாத்துக்கும் ஃபோமே போட்டுக்கட்டும். உங்க கை இருக்கற வரைக்கும் ஃபோம் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது." ஒரு கிளிப்பை எடுத்துத் திறந்து திறந்து மூடினான். "இஞ்சின்ல எதையும் விடல அண்ணி. குழாய், ஒட்டு, ரப்பரு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். உங்க வேலையை மட்டும் பார்க்கல. அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லன்னு எனக்குத் தெரியும்."

சட்டையை மடித்துக்கொண்டிருந்த சோப்பக்காவின் கை நின்றது. மடித்ததை உதறினாள். மறுபடி மடித்தாள். பிறகு அதைக் கொடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஷெட்டில் சாமான் பங்கு நடந்துகொண்டிருந்தது. சோப்பக்கா இல்லாததால் அதுவும் தடைப்பட்டு, இருவரும் ஒரு ஜாக்கியின் இரண்டு பக்கமும் நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பெரிய போர்வை மூட்டையோடு வந்தாள். மூட்டைக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை; மூட்டையே நடந்து வருவதாகத்தான் இருந்தது. நடுவில் இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். பிரிக்காத புது ஃபில்டர் டப்பாக்கள் ஷெட் முழுக்க உருண்டன. ஒன்று மைக்செட்டின் கால் விரலில் போய் இடித்து நின்றது. அவள் ஷட்டரை இறக்கினாள். தான் கழுவியதில் மிக வெள்ளையானதை எடுத்து டார்ச்சை உள்ளே விட்டாள்.

நட்சத்திரங்களை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"என்னது இது?" என்றான் மைக்செட்.

"வண்டில ஓடினது. நான் கழுவினது."

"தண்ணிலயா அண்ணி?"

"சோப்புத் தண்ணில. அப்புறம் கம்ப்ரஸர்ல ஊதினேன்." அவள் டார்ச்சை அணைக்கவில்லை. "தினமும். நீ வாங்கிட்டு வந்தது எல்லாம் இந்தா கிடக்கு தம்பி. ஒண்ணைக்கூட நான் எறியல. மண்ணு போனது எங்கன்னு கேட்டியே. இங்கதான்."

மைக்செட் வாயைத் திறந்தான். தகரக் கூரை மேல் இருந்த புறாக்கள் விஷயம் புரிந்து முன்கூட்டியே பறந்துவிட்டன. பக்கத்து வீட்டில் ரேடியோ நின்றது. தெருவே காத்திருந்தது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், உருண்டு கிடந்த டப்பாக்களைப் பார்த்தான், கழற்றிப் போட்ட இஞ்சினைப் பார்த்தான். பிறகு தம்பி பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து அவனிடமிருந்து வராத ஒரு சின்னக் குரலில் கேட்டான்:

"டேய், உங்க அண்ணியை என்னடா பண்றது?"

நட்டு குனிந்து அடிமடிப்பைப் பார்த்தான். "கம்ப்ரஸரை எவ்வளவு கிட்ட வச்சு ஊதினீங்க அண்ணி?"

"ஒட்டி."

"ஒட்டி வச்சிருக்காங்கண்ணே. பேப்பரு சல்லடையாயிரும். அதுல ஓட்டினது ஃபில்டரே இல்லாம ஓட்டின மாதிரிதான்."

சோப்பக்கா பழக்கதோஷத்தில் புருஷன் பக்கம் திரும்பினாள். "தம்பி என்ன சொல்றான்னா, ஃபில்டரே இல்லாம…"

"எனக்குக் காது கேக்குது," என்றான் மைக்செட்.

அப்புறம் அவளை யாரும் கவனிக்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாமா, மாற்றியே ஆக வேண்டுமா என்று இருவரும் இஞ்சின் மேல் கவிழ்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேஜை மேலிருந்த ஸ்பேனரை மைக்செட் எடுத்து, இஞ்சினிலிருந்து பார்வையை எடுக்காமலே நீட்டினான். நட்டு வாங்கிக்கொண்டான். லாரிக்காரன் வந்து வாசலில் ஹாரன் அடித்தபோது, மைக்செட் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆளில்லை போய்யா என்றான். மலைப்பக்கம் வரைக்கும் அது கேட்டிருக்கும். கல்குவாரியிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

சோப்பக்காவை யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. அந்த வீட்டில் பேசின எதுதான் தெருவுக்குத் தெரியாது? ஃபோம் ஃபில்டர்கள் முன்போலவே அவள் கையில் குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிழலில் படுத்தன. பேப்பருக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. அழுக்கானதை எடுத்து, நட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

முதல் நாள் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தொட்டியருகே நின்றாள். மடிப்பெல்லாம் பழுப்பேறி, இடுக்கெல்லாம் மண். ஒரே ஒரு முக்கு, பளிச்சென்றாகிவிடும். நட்டு இஞ்சினிலிருந்து தலை தூக்கினான்.

"அண்ணி."

"போடறேன்," என்றாள் சோப்பக்கா. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டாள். விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் குப்பை அள்ள வந்தவர் வாசலில் திகைத்து நின்றார். தொட்டி உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவப்பட்டுத் தட்டு மாதிரி மின்னியது. அதன் நடுவில் கழுவாத ஃபில்டர் ஒன்று, தன்னந்தனியாக. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய், முழங்கை வரை கையைக் கழுவிக்கொண்டு வந்து, தொட்டியைத் தூக்கினார்.